வாசகர் கேள்வி பதில்: யார் இந்த இகோரோட் ஜனங்க?

போன இதழ்ல பிலிப்பைன்ஸ் மலையில இருக்கிற படிக்கட்டு வயல் போட்டோ ஒண்ணு போட்டு, கீழ "இகோரோட் மக்கள் கட்டுனது"ன்னு ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விங்களே இந்தப் பகுதி மொத்தத்துக்கும் போதும்கிற அளவுக்கு இருக்கு, அதனால மத்ததை எல்லாம் அடுத்த மாசத்துக்கு தள்ளி வச்சிட்டேன்.

இன்ஸ்டாவுல நூறு வயசு தாண்டின ஒரு பாட்டி முள்ளு வச்சு பச்சை குத்துற ரீல்ஸ் பாத்தேன். அவங்களும் இகோரோட்தானா? (ஈரோட்டு வாசகி)

நீங்க பாத்தது வாங்-ஓட் பாட்டி. கலிங்கா மாகாணத்துல டிங்லாயன் பக்கம் புஸ்காலன்னு ஒரு மலையூரு, அங்கதான் இருக்காங்க. எலுமிச்சை வகை மரத்து முள்ளை ஒரு குச்சியில செருகி, கரியை தண்ணியில குழைச்சு தொட்டு, இன்னொரு குச்சியால டக் டக்னு தட்டித் தட்டி குத்துவாங்க, மெஷின் கிடையாது. 2023 ஏப்ரல்ல வோக் பத்திரிகையோட பிலிப்பைன்ஸ் பதிப்பு அவங்களை 106 வயசுல அட்டையில போட்டுச்சு, முன்னாடியே வெளிநாட்டுக்காரங்களுக்கு தெரிஞ்சவங்கதான், அதுக்கப்புறம் இன்னும் பிரபலம் ஆயிட்டாங்க. முன்ன காலத்துல அந்த ஊர் ஆம்பளைங்க சண்டையில ஜெயிச்சுட்டு வந்தாத்தான் நெஞ்சுல பச்சை குத்திக்க முடியும், பொம்பளைங்களுக்கு அது அழகு.

அவங்க இகோரோட்டான்னு கேட்டா, வெளியில இருக்கிறவங்க ஆமாம்பாங்க, கலிங்கா ஊர்க்காரங்க நிறைய பேரு "நாங்க கலிங்கா, அவ்ளோதான்"னு சொல்லுவாங்க. லூசோன் தீவோட வடக்குல கார்டிலேரான்னு ஒரு மலைத்தொடர் இருக்கு, அங்க வாழுற இபாலோய், கங்கனாய், போன்டோக், இஃபுகாவ், கலிங்கா, இஸ்னேக், டிங்கியான்னு பல இனத்துக்கும் சேர்த்து சமவெளிக்காரங்களும் ஸ்பெயின்காரங்களும் வச்ச பொதுப்பேருதான் இகோரோட், மலைக்காரன்னு அர்த்தம். பாஷையே ஒண்ணுக்கொண்ணு வேற, போன்டோக்காரர் பேசுறது இபாலோய்க்காரருக்கு புரியாது, சந்தையில பேசிக்க இலோகானோ பாஷைதான் கைகொடுக்குது. பெங்கெட்லயும் மவுண்டன் மாகாணத்துலயும் இருக்கிறவங்க அந்தப் பேரை நெஞ்சை நிமித்தி சொல்லிக்கிறாங்க, இஃபுகாவ்லயும் கலிங்காவிலயும் பலருக்கு அது பிடிக்காது. அந்தப் பேரைச் சொல்லி சமவெளியில பல தலைமுறையா கேலி பண்ணியிருக்காங்க, இவங்களுக்கு வாலு இருக்குன்னு கூட குழந்தைங்ககிட்ட சொல்லி வச்சிருந்தாங்கன்னா பாத்துக்கோங்க. 1950கள்ல அந்த மலையில இருந்து போன லூயிஸ் ஹோரான்னு ஒரு எம்பி அந்த வார்த்தையையே தடை பண்ணணும்னு மசோதா கொண்டு வந்தாரு. அதுக்கு அடுத்த தலைமுறை பசங்க அப்படியே திருப்பிப் போட்டு "ஆமா, இகோரோட்தான், இப்ப என்ன"ன்னு டிஷர்ட்ல போட்டுக்கிட்டு திரியுறாங்க. ரெண்டு பேரு பக்கமும் நியாயம் இருக்கு. அங்க யாரையாவது பாத்தா எந்த ஊரு, எந்த இனம்னு கேட்டு அவங்க சொல்ற பேர்லயே கூப்பிடுறதுதான் மரியாதை.

ஸ்பெயின் 333 வருஷம் ஆண்ட நாட்டுல இவங்க மட்டும் எப்படி தப்பிச்சாங்க? மலை உயரமா இருந்ததுதான் காரணமா? (பாளையங்கோட்டை வாசகர்)

மலையும் ஒரு காரணம்தான், புலாக் சிகரம் 2,900 மீட்டருக்கு மேல போகுது, ஆனா மலை மட்டும் யாரையும் காப்பாத்தாது சார். ஸ்பெயின்காரன் வந்ததுமே அவன் காதுல விழுந்த சேதி பெங்கெட் மலையில தங்கம் இருக்குங்கறதுதான், ஏன்னா மேல இருக்கிறவங்க தங்கத்தை கொண்டு வந்து கடலோர இலோகோஸ்காரங்ககிட்ட குடுத்துட்டு உப்பு, துணி, மாடு, பன்னின்னு வாங்கிட்டு போறது ரொம்ப நாளா நடந்துக்கிட்டிருந்த யாவாரம். விடுவானா, 1500கள் கடைசியில இருந்தே ஆளு அனுப்ப ஆரம்பிச்சான், 1624ல கிராந்தேன்னு ஒரு தளபதி பெரிய படையோட மேல ஏறி சுரங்கம் வரைக்கும் போயி கல்லை வெட்டி எடுத்துட்டு வந்து சோதிச்சு பாத்தா எதிர்பார்த்த அளவு தேறல, மேலேயே தங்கி காவல் போடுற செலவுக்கு கட்டாதுன்னு இறங்கிட்டாங்க. இகோரோட்காரங்க நேருக்கு நேரா பெரிய போர் பண்ணல, சோறு கிடைக்காம பண்றது, வழியை அடைக்கிறது, ராத்திரி அடிச்சுட்டு மறையறது, அவ்ளோதான், ஸ்பெயின்காரன் பருப்பு அங்க வேகல.

இன்னொரு பக்கம் இருக்கு, அது எனக்கு இன்னும் முக்கியமா படுது. கீழ சமவெளியில சர்ச்சு மணி சத்தம் கேக்குற தூரத்துல எல்லாரையும் குடியேத்தி, வரி போட்டு, கூலி இல்லாம வேலை வாங்குனாங்க இல்லையா, அது பிடிக்காதவங்க ராத்திரியோட ராத்திரியா மலைக்கு ஏறிட்டாங்க. அப்ப இன்னைக்கு மலைக்காரங்கன்னு சொல்றவங்கள்ல ஒரு பகுதி சமவெளியில இருந்தே ஓடிப் போனவங்க. அந்த மலையில இருக்கிற சகாடா ஊர்லயே வாழ்ந்து ஆவணங்களை தோண்டித் தோண்டி எழுதின வில்லியம் ஹென்றி ஸ்காட்னு ஒரு வரலாற்று ஆசிரியர் இதைத்தான் வாழ்நாள் பூரா சொன்னாரு, ஸ்பெயின் வர்றதுக்கு முன்னாடி மலைக்காரன் கீழ்நாட்டுக்காரன்னு பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல, அடங்கிப் போனவங்க பிலிப்பினோ ஆனாங்க, அடங்காதவங்க பழங்குடி ஆனாங்கன்னு. நானும் அதைத்தான் நம்புறேன்.

அப்புறம் 1782ல புகையிலை அரசாங்கத்துக்கு மட்டும்தான்னு சட்டம் போட்டாங்க, மலையில இவங்க பாட்டுக்கு புகையிலை பயிர் பண்ணி கள்ளத்தனமா கீழ வித்தாங்க, அதை ஒழிக்கத்தான் 1829ல கால்வேன்னு ஒரு அதிகாரி படையோட போயி இன்னைக்கு லா டிரினிடாட்னு சொல்ற பள்ளத்தாக்குல வீடுங்களை கொளுத்துனான். பின்னாடியே அம்மை நோயும் வந்து அந்த பள்ளத்தாக்கே காலியாகுற நிலைமை. ஆக, தப்பிச்சாங்கன்னு சுலபமா சொல்லிடறோம், அதுக்கு குடுத்த விலை ரொம்ப பெருசு.

இவங்களை அமெரிக்காவுல மிருகக்காட்சிசாலையில வச்ச மாதிரி வச்சாங்கன்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க. நிஜமா? (மதுரை வாசகி)

நிஜம். 1904ல செயின்ட் லூயிஸ் நகரத்துல உலக கண்காட்சி நடந்துச்சு. அப்பத்தான் பிலிப்பைன்ஸை ஸ்பெயின்கிட்ட இருந்து வாங்கியிருந்த அமெரிக்கா, "இந்த ஜனங்களை நாங்கதான் நாகரிகப்படுத்தப் போறோம்"னு சொந்த நாட்டுக்காரங்களுக்கு காட்டணும்ல, அதுக்காக 47 ஏக்கர்ல தனி இடம் போட்டு ஆயிரம் பிலிப்பைன்ஸ்காரங்களுக்கு மேல கூட்டிட்டு வந்தாங்க. ஒரு பக்கம் சீருடை போட்ட பேண்ட் வாத்திய போலீஸ்காரங்க, இன்னொரு பக்கம் கோவணத்தோட இகோரோட்காரங்க, யாரு மேல யாரு கீழன்னு பாக்குறவங்க தானா முடிவு பண்ணிக்கிற மாதிரி அடுக்கியிருந்தாங்க.

இவங்க நாய்க்கறி சாப்பிடுறவங்கங்கிற பேரு அங்கதான் ஒட்டிக்கிச்சு. போன்டோக் ஊர்ல அது எப்பவாவது சடங்குக்கு பண்றது, ஆனா கண்காட்சியில டிக்கெட் விக்கணும்கிறதுக்காக அதை திரும்பத் திரும்ப செய்ய வச்சாங்க, பத்திரிகைக்காரங்க அதையே எழுதுனாங்க. நூத்தி இருபது வருஷம் ஆச்சு, இகோரோட்னு சொன்னா இன்னும் அந்தப் பேச்சுதான் முதல்ல வருது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஆனா வந்தவங்க எல்லாரையும் கயித்துல கட்டி இழுத்துட்டு வந்தாங்கன்னு நினைக்காதீங்க. சம்பளம் பேசி, உலகத்தைப் பாக்கலாம்னு விரும்பி கப்பல் ஏறுனவங்களும் உண்டு, ஆன்டெரோ கப்ரேரான்னு ஒரு போன்டோக் பையன் இங்கிலீஷ் கத்துக்கிட்டு மொழிபெயர்ப்பாளரா போனாரு. அதுக்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. 1905ல ட்ரூமன் ஹன்ட்னு ஒருத்தன் தனியா ஒரு கூட்டத்தை கூட்டிட்டு வந்து கோனி ஐலண்ட்ல ஆரம்பிச்சு ஊர் ஊரா காட்டி காசு பாத்தான், அவங்க சம்பளத்தையும் அடிச்சுட்டான், 1906ல அந்த ஜனங்களே கோர்ட்ல நின்னு சாட்சி சொல்லி அவனை ஜெயிலுக்கு அனுப்புனாங்க. 1913ல பெல்ஜியத்துல கென்ட் நகர கண்காட்சிக்கு போன இன்னொரு குழுவை முதலாளி கைவிட்டுட்டான், கையில காசில்லாம வெளிநாட்டுத் தெருவுல நின்னாங்க, அதுல திமிச்செக்னு ஒரு இளைஞர் காசநோயில அங்கேயே செத்துப் போனாரு. அந்த ஊரு ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல இருக்கிற ஒரு சுரங்கப்பாதைக்கு 2011ல அவர் பேரை வச்சிருக்காங்க.

கலிங்கான்னு பேரு இருக்கே, நம்ம கலிங்க நாட்டுல இருந்து போனவங்களா? சோழர் கப்பல் அங்க போயிருக்குமா? (தஞ்சாவூர் வாசகர்)

ஆசையா கேட்டிருக்கீங்க, ஆனா இல்ல. பக்கத்து சமவெளி இனங்களோட பாஷையில எதிரி, தலை வெட்டுறவன்னு அர்த்தம் வர்ற வார்த்தை அது, அதையே வெளியாளுங்க பேரா ஒட்டிட்டாங்க. பேரு ஒத்துப் போறதை மட்டும் வச்சு உறவு கொண்டாட முடியாது. பிலிப்பைன்ஸ் கடலோரத்துக்கு இந்தியச் சொல்லுங்க போனது உண்மை, குருவை அங்க இன்னைக்கும் குரோன்னுதான் சொல்றாங்க, அதெல்லாம் மலாய், ஜாவா வழியா சுத்தி வந்தது. கார்டிலேரா மக்கள் தைவான் பக்கம் இருந்து பரவின ஆஸ்ட்ரோனேசிய மொழிக் குடும்பத்துக்காரங்க, மணிலாவுல இருக்கிறவங்களும் அதே குடும்பம்தான்.

அந்த படிக்கட்டு வயலுக்கு 2,000 வருஷம்னு எல்லா இடத்துலயும் போட்டிருக்கு. எப்படி கண்டுபிடிச்சாங்க? (திண்டிவனம் வாசகர்)

சரியான இடத்துல கை வச்சிட்டீங்க. அந்த 2,000ங்கிறது தோண்டிப் பாத்து சொன்னது இல்ல, நூறு வருஷத்துக்கு முன்னாடி ஓட்லி பேயர்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர், இவ்ளோ பெரிய மலையை இப்படி செதுக்க இவ்ளோ காலம் ஆயிருக்கும்னு மனக்கணக்கு போட்டு சொன்னது. அது பாடப்புத்தகத்துல ஏறிடுச்சு, டூரிஸ்ட் போர்டுல ஏறிடுச்சு. சமீபத்துல ஸ்டீபன் அகபாடோன்னு பிலிப்பைன்ஸ்ல பிறந்த தொல்லியல் ஆய்வாளர் இஃபுகாவ் ஊர்க்காரங்களோடயே சேர்ந்து பழைய கியாங்கன் ஊர்ல தோண்டி, கரியையும் மண்ணையும் காலம் பாத்தாரு. முன்ன அங்க சேப்பங்கிழங்கு வகைதான் பயிர் பண்ணியிருக்காங்க, நெல் வயல் வேகமா விரிஞ்சது ஸ்பெயின்காரன் கீழ பள்ளத்தாக்குக்கு வந்த பிறகு, அதாவது சுமார் 400 வருஷத்துக்குள்ளதான்னு சொல்றாரு. கேட்டதும் ஊர்ல சிலருக்கு கோவம், பெருமை போச்சேன்னு. எனக்கு அப்படித் தோணல. கீழ இருந்து ஒரு சாம்ராஜ்யம் ஏறி வருது, மேல ஓடி வர்ற ஜனத்துக்கும் சேர்த்து சோறு வேணும், ஊரு ஒத்துமையா நிக்கணும், அதுக்காக நாலஞ்சு தலைமுறையில மலையையே வெட்டி வயலாக்கி இருக்காங்கன்னா இது அதைவிட பெரிய கதை இல்லையா?

வேலை எப்படி நடக்குதுன்னும் சொல்லிடறேன், இது விவசாயம் தெரிஞ்சவங்களுக்கு பிடிக்கும். வயலுக்கு மேல உச்சியில ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காடு, முயோங்னு பேரு, அதை வெட்டி வித்துட முடியாது, ஏன்னா மழைத்தண்ணியை பிடிச்சு வச்சு கொஞ்சம் கொஞ்சமா விடுறதே அந்தக் காடுதான். அங்க இருந்து வாய்க்கால் வழியா மேல் வயலுக்கு, அது ரொம்புனா அடுத்த வயலுக்குன்னு தண்ணி இறங்கும், மேல இருக்கிறவன் அடைச்சா கீழ இருக்கிறவன் பட்டினி. ஊருக்கு முதல் வயல்னு ஒரு குடும்பத்தோட வயல் உண்டு, அவங்க நட்ட பிறகுதான் மத்தவங்க நடணும். டினவோன்னு பாரம்பரிய நெல்லு, வருஷத்துக்கு ஒரே போகம். களஞ்சியத்துல புலுல்னு மரத்துல செதுக்கின காவல் சாமி உக்காந்திருக்கும். அறுவடையில வயசான பொம்பளைங்க ஹுட்ஹுட்னு கதைப்பாட்டு பாடுவாங்க, ஒரு கதையே நாள் கணக்குல போகும். 1995ல யுனெஸ்கோ அஞ்சு வயல் தொகுதியை உலக பாரம்பரியச் சின்னம் ஆக்குச்சு, 2001ல ஆபத்துப் பட்டியல்ல போட்டுச்சு, 2012ல எடுத்துச்சு. ஆனா கல்லு சுவர் சரிஞ்சா தூக்கிக் கட்ட இளவட்டம் ஊர்ல இல்ல, பாகியோ நகரத்துக்கும் மணிலாவுக்கும் வெளிநாட்டுக்கும் போயிடறாங்க. ஒரு போக நெல்லுல குடும்பம் ஓடாதுன்னா அவங்களை என்ன குத்தம் சொல்றது.

இவங்க தலை வெட்டுவாங்கன்னு கேள்விப்பட்டேன். அது உண்மைன்னா அவங்களை எப்படி புகழ்றீங்க? (வேலூர் வாசகர்)

உண்மைதான், மறைக்கல. ஊருக்கு ஊரு பழி இருந்துச்சு, பழிக்குப் பழி தலை எடுத்தாங்க. ஆனா அதை அடக்குறதுக்கு அவங்களே உண்டாக்கின ஏற்பாடும் இருந்துச்சே, கலிங்காவுல போடோங்னு பேரு. ரெண்டு ஊருக்கு நடுவுல ஒப்பந்தம், ரெண்டு பக்கமும் அதுக்கு பொறுப்பா ஒருத்தர், உங்க ஊர் ஆளு எங்க எல்லையில அடிபட்டா அந்தப் பொறுப்பாளர்தான் பதில் சொல்லணும். எழுத்து இல்லாம வாய்மொழியா காப்பாத்துன சட்டம் அது, இன்னும் நடப்புல இருக்கு.

அந்த போடோங்தான் 1970கள்ல அதிபர் மார்கோஸோட அரசாங்கத்தையே எதிர்த்து நின்னுச்சு. சிகோ ஆத்துல நாலு டேம் கட்ட திட்டம், உலக வங்கி பணம் தர்றதா இருந்துச்சு, கட்டுனா வயலும் ஊரும் முன்னோர் சமாதியும் தண்ணிக்குள்ள போயிடும். ஒருத்தரை ஒருத்தர் பகைச்சிட்டிருந்த ஊருங்க ஒப்பந்தம் போட்டு ஒண்ணு சேர்ந்தாங்க. சர்வே பண்ண வந்தவங்க கூடாரத்தை பொம்பளைங்களே பிரிச்சு தோள்ல தூக்கிட்டு போயி கீழ டவுன்ல இறக்கி வச்சாங்க. புக்னாய் ஊர் பெரியவர் மக்லிங் டுலாக், ரோட்டு வேலை பாத்த சாதாரண ஆளு, பள்ளிக்கூடம் போனது இல்ல. பெரிய அதிகாரி ஒருத்தர் அவர் கையில ஒரு கவரை குடுத்தப்ப, "கவர்ல ரெண்டுதான் இருக்கும், லெட்டரு இல்லன்னா காசு. எனக்கு படிக்கத் தெரியாது, விக்கிறதுக்கும் எங்கிட்ட ஒண்ணும் இல்ல"ன்னு திருப்பிக் குடுத்துட்டாருன்னு இன்னைக்கும் அங்க சொல்லுவாங்க. 1980 ஏப்ரல் 24 ராத்திரி ஆர்மிக்காரங்க அவரை வீட்டுலயே சுட்டுக் கொன்னாங்க. ஆனா டேம் வரல, உலக வங்கியும் விலகிடுச்சு. வருஷா வருஷம் ஏப்ரல் 24 கார்டிலேரா நாளா நடக்குது. ஊர் ரோட்டோரம் அவருக்கும் கூட நின்னவங்களுக்கும் வச்சிருந்த நினைவுச்சின்னத்தை மட்டும் 2021ல பிரிச்சு எடுத்துட்டாங்க.

பழங்குடி நிலத்துக்கு பட்டா இல்லன்னா சட்டம் என்ன சொல்லுது அங்க? (ஊட்டி வாசகி)

உலகத்துல பல நாட்டு வக்கீலுங்க இன்னும் எடுத்துக் காட்டுற கேஸ் ஒண்ணு இங்கதான் பிறந்துச்சு. பாகியோ இருக்கிற இடம் முன்ன இபாலோய் மக்களோட மாட்டு மேய்ச்சல் நிலம். மட்டேயோ கரினியோன்னு ஒரு இபாலோய் பெரியவர், 146 ஹெக்டேர், தாத்தா காலத்துல இருந்து வேலி போட்டு மாடு கட்டுன பூமி. அமெரிக்க அரசாங்கம் பட்டா எங்கன்னு கேட்டு எடுத்துக்கிச்சு. அவரு மணிலாவுல தோத்தும் விடல, கேஸ் வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு, 1909 பிப்ரவரி 23ல நீதிபதி ஹோம்ஸ், நினைவுக்கு எட்டுன காலத்துல இருந்து ஒருத்தர் சொந்தம்னு வச்சிருந்த நிலம் எப்பவுமே அரசாங்க நிலமா இருந்ததில்லன்னுதான் எடுத்துக்கணும்னு தீர்ப்பு எழுதுனாரு. 1997ல வந்த பழங்குடி உரிமைச் சட்டத்துக்கு அஸ்திவாரமே அதுதான். மனசு ஆறாத விஷயம் என்னன்னா, அந்த சட்டத்துலயே பாகியோ நகரத்துக்கு விலக்கு குடுத்துட்டாங்க, ஜெயிச்ச நிலம் இன்னும் எங்க கைக்கு வரலன்னு கரினியோ வாரிசுங்க சொல்லிட்டிருக்காங்க. பிப்ரவரி 23ஐ பாகியோ இபாலோய் நாளா கொண்டாடுது.

கடைசியா, அவங்க தனி நாடு, தனி மாநிலம்னு கேக்குறாங்களா? தங்களை பிலிப்பினோன்னு சொல்லிக்கிறாங்களா? (கோவை வாசகர்)

தனி நாடு பேச்சு இல்ல. தன்னாட்சி பிரதேசம் வேணும்னு ரொம்ப நாளா இருக்கு, 1987ல தற்காலிகமா கார்டிலேரா நிர்வாகப் பகுதின்னு ஒண்ணு உண்டாக்குனாங்க, அது இன்னைக்கு வரைக்கும் தற்காலிகமாவே ஓடுது. 1990ல ஓட்டெடுப்பு வச்சாங்க, இஃபுகாவ் மட்டும்தான் சரின்னுச்சு, ஒரே மாகாணத்தை வச்சு பிரதேசம் ஆக்க முடியாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு, 1998ல மறுபடியும் வச்சாங்க, அப்ப அபாயாவோ மட்டும். அவங்க ஒத்துமை இல்லாதவங்கன்னு இதை வச்சு சிலர் சொல்றாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். அந்த ஜனங்களுக்கு ஊரும் ஆறும் வயலும்தான் நாடு, மேல இருந்து வரைஞ்ச ஒரு பெரிய வரைபடத்துக்கு சும்மா கையெழுத்து போட்டுட மாட்டாங்க.

பிலிப்பினோவான்னு கேட்டீங்களே. பின்னாடி ஐ.நா. பொதுச்சபை தலைவரே ஆன கார்லோஸ் ரோமுலோ 1943ல இகோரோட் பிலிப்பினோ இல்ல, எங்களுக்கும் அவங்களுக்கும் ரத்த சம்பந்தம் இல்லன்னு அச்சுல எழுதுனாரு. அந்த சமயத்துல இகோரோட் வீரர்கள் அதே நாட்டுக்காக ஜப்பான் ராணுவத்தோட சண்டை போட்டுட்டு இருந்தாங்க, 1945 செப்டம்பர்ல ஜெனரல் யமஷிதா சரணடைஞ்சதும் இஃபுகாவ்ல கியாங்கன் ஊர்லதான். இன்னைக்கு ரெண்டும் நாங்கதான்னு சொல்ற தலைமுறை வந்திருக்கு. பெசாவோ ஊர் கங்கனாய் பொண்ணு விக்டோரியா டவுலி-கார்பஸ் 2014ல இருந்து 2020 வரைக்கும் பழங்குடி உரிமைக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளரா இருந்தாங்க. 2018ல சொந்த அரசாங்கமே அவங்க பேரை தீவிரவாதிங்க லிஸ்ட்ல சேர்த்து கோர்ட்டுக்கு போச்சு, உலகம் பூரா கத்துனதும் எடுத்துட்டாங்க.

நேர்ல போய் பாக்கணும்னா? (பேர் போடாத வாசகர்)

மணிலாவுல இருந்து ராத்திரி பஸ் ஏறுனா காலையில படிக்கட்டு வயல் இருக்கிற பனாவே ஊரு. வயல் பொன்னிறமா இருக்கிறது ஜூன் ஜூலை. சகாடாவுல பாறையில தொங்குற சவப்பெட்டி பக்கம் உள்ளூர் வழிகாட்டி இல்லாம போகாதீங்க, தொடாதீங்க, யாரோ ஒருத்தரோட தாத்தா அது. ஹுங்துவான்ல ஹபாவோ ஊர்ல அறுவடை முடிஞ்சதும் ஆத்துல இறங்கி ரெண்டு கரைக்காரங்களும் கொக்கிக் கழியால இழுத்துக்கிற புன்னுக் சடங்கு நடக்கும், முடிஞ்சா அதைப் பாருங்க. காலண்டர்ல தேதி போட்டிருக்காது, நெல்லு முடியணும், அதனால தங்கப் போற வீட்டுக்கு முன்கூட்டியே போன் போட்டு கேட்டுக்கிட்டு கிளம்புங்க.